ஏழாம் தொட்டிக்கு ஒரே கை

அக்டோபர் 20, ஞாயிறு. சென்னை விமான நிலையம்

இந்த நோட்டில் பதினோரு வருடமாக மீன்களைப் பற்றி மட்டும்தான் எழுதியிருக்கிறேன். எந்தப் பண்ணை, எத்தனை அங்குலம், சிவப்பு எப்படி, வெள்ளை எப்படி. இந்த முறை மனிதர்களையும் எழுதித்தான் ஆக வேண்டும்போல இருக்கிறது. வாய்விட்டுப் புலம்ப ஆள் இல்லை. பக்கத்து நாற்காலியில் எத்திராஜ் உட்கார்ந்திருக்கிறான். என் பாஸ்போர்ட்டையும் அவனே வைத்திருக்கிறான்.

எத்திராஜ் என் கொழுந்தன். நான் கொளத்தூருக்கு மருமகளாக வந்தபோது எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். இப்போது பாதித் தலை நரைத்துவிட்டது. எங்கள் அலங்கார மீன் கடையில் மோட்டார், வடிகட்டி, பில் எல்லாம் அவன் பொறுப்பு. மீன் பார்க்க மட்டும் தெரியாது. ஜப்பானுக்கு மீன் எடுக்கப் போவது நான்தான், தனியாகத்தான். அது எங்கள் வீட்டில் யாரும் எழுதிவைக்காத சட்டம். இந்த வருடம் திடீரென்று என் வீட்டுக்காரர், "எத்திராஜும் வரட்டும் மரகதம். பெட்டி தூக்க ஒரு ஆள் வேணுமில்ல" என்றார். இத்தனை வருடமாக என் பெட்டி தானாக நடந்து வந்ததாக்கும்.

எனக்குத் தெரியாதா. அடுத்த வருடம் இவனை மட்டும் அனுப்புவதற்கு இது ஒத்திகை.

போகிற வேலை: கடைக்கு முப்பது நாற்பது கொய் மீன்கள், ஜப்பானிய அலங்காரக் கெண்டை. அது பெரிதில்லை. பெரிது ஒரே ஒரு மீன். ஈரோட்டில் பழனியப்பன் என்று வேட்டி மொத்த வியாபாரி. வீட்டுக்குப் பின்னால் குளம் கட்டிப் பத்தொன்பது மீன் வைத்திருந்தார், பத்தொன்பதும் நான் பொறுக்கிக் கொடுத்தவை. மே மாதம் மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கிளம்பாமல், ஒரே பகலில் எல்லாம் செத்து மிதந்தன. இப்போதும் காலையில் காபியை எடுத்துக்கொண்டு அந்த வெறும் தண்ணீர் பக்கத்தில்தான் உட்காருகிறாராம். போன மாதம் போன் செய்தார். "ஒரே ஒரு மீனு போதுமுங்க. வெள்ளை மட்டும் சுத்தமா இருக்கோணும். அதை விட்டுப் பாத்துட்டு, மனசு வந்தா அப்பறம் மத்ததைப் பாக்கலாம். போட்டோ எல்லாம் வேண்டாமுங்க, நீங்க பாத்தாச் சரி."

கொஹாக்கு என்ற ரகம்தான் அவருக்குப் பிடிக்கும். வெள்ளை உடம்பு, மேலே சிவப்புத் திட்டுகள். வேடிக்கை பார்க்கிறவர்கள் சிவப்பைப் பார்ப்பார்கள். வாங்கத் தெரிந்தவர்கள் வெள்ளையைப் பார்ப்பார்கள். சிவப்பு வயதாக ஆகக் கூடும், குறையும். வெள்ளையில் மஞ்சள் தட்டிவிட்டால் அந்த மீன் அவ்வளவுதான். வேட்டி விற்கிறவருக்கு வெள்ளையைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

விமானம் ஒரு மணி நேரம் தாமதம். பலகையில் போட்டிருக்கிறதாம். எத்திராஜ் படித்துச் சொன்னான்.

அக்டோபர் 21, திங்கள். நகாவோகா

விமானம் மாறி, ரயில் ஏறி, வந்து சேர்ந்தோம். ரயில் நிலையத்துப் பலகைகளில் எழுத்தைச் சுருக்கிவிட்டார்கள். முன்பெல்லாம் ஆங்கிலத்தைப் பெரிதாகப் போடுவார்கள்.

நகரும் படிக்கட்டில் இறங்கும்போது எத்திராஜ் என் முழங்கையைப் பிடித்தான். "விடு, நான் என்ன கெழவியா?" என்றேன். "கூட்டமா இருக்கே அண்ணி" என்றான். எங்களைச் சேர்த்து ஆறு பேர் இருந்தோம்.

வழக்கமாகத் தங்கும் விடுதிதான், ஆனால் தரம் குறைந்துபோயிற்று. படுக்கை விரிப்பு பழையது, நன்றாக மங்கிப்போனது. மாற்றித் தரச் சொல்லலாம் என்று பார்த்தேன், களைப்பாக இருந்தது, விட்டுவிட்டேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

முதல் பண்ணை. டகுச்சி வண்டி எடுத்து வந்தார். அவர்தான் எங்கள் ஏஜென்ட். அறுபது வயது, நிதானமான ஆங்கிலம், நான் சொல்வதைப் பண்ணைக்காரர்களிடம் இரண்டு மடங்கு மரியாதை சேர்த்துச் சொல்வார்.

கண்ணாடிக் கூரைக் கொட்டகை, உள்ளே நீலத் தொட்டிகள் வரிசையாக. மீன் பார்ப்பதற்கென்றே அந்த நீலம். நீலத்தில் வைத்தால்தான் வெள்ளையின் குணம் தெரியும். இந்தத் தடவை தொட்டியையும் மட்டமான ரகமாக வாங்கியிருக்கிறார்கள், நீலம் எடுப்பாக இல்லை, சாம்பல் அடிக்கிறது. மீன்களோ எல்லாமே ஒரே மாதிரி அழுக்கு வெள்ளை. டகுச்சியிடம் கேட்டேன். கோடை ரொம்பக் கடுமையாக இருந்தது, தண்ணீர் சூடாகிவிட்டது என்றார். அதேதான். சூடு பட்டால் வெள்ளை கெடும். காரணம் கிடைத்ததும் மனது கொஞ்சம் லேசானது.

இருபத்திரண்டு மீன் பார்த்து ஒன்றுகூட எடுக்கவில்லை. பண்ணைக்காரர் முகம் வாடிவிட்டது.

எத்திராஜைச் சோதிப்பதுபோல, "எங்க சொல்லு, இந்த ரெண்டுல எது வெள்ளை?" என்று கேட்டேன். அவன் உடனே வலப்பக்கத்தைக் காட்டினான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "எனக்கு என்ன அண்ணி தெரியும்" என்றான்.

சரியாகத்தான் சொன்னாய் என்று சொல்லிவைத்தேன்.

அக்டோபர் 23, புதன்

மழை. இரண்டு பண்ணை. எங்கேயும் வெளிச்சம் சரியில்லை.

அக்டோபர் 24, வியாழன்

மலை மேல் ஒரு மண்குளத்தை இறைக்கிறார்கள் என்று டகுச்சி கூட்டிப்போனார். வசந்தத்தில் மீன்களை மண்குளத்தில் விட்டுவிட்டு, குளிர் வருவதற்குள் பிடித்துவிடுவார்கள். நடுவில் ஐந்து மாதம் எந்த மீன் தேறியது, எந்த மீன் வீணாயிற்று என்று யாருக்கும் தெரியாது. தண்ணீரை முக்கால்வாசி வடித்துவிட்டு, மார்புவரை ரப்பர் உடுப்பு போட்ட ஆறு பேர் நீள வலையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்து வந்தார்கள். சேறு காலை இழுக்கிறது. வலை சுருங்கச் சுருங்கத் தண்ணீர் கொதிப்பதுபோலப் புரண்டது. ஒருத்தர் கையில் ஒரு பெரிய பெண் மீன் அகப்பட்டதும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அந்த மீனின் முதுகு அகலம், வால் தொடங்கும் இடத்தின் பருமன், தோளிலிருந்து இறங்கும் வளைவு, எல்லாம் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிட்டேன். டகுச்சி மொழிபெயர்த்ததும் பண்ணைக்காரர் எனக்குக் குனிந்து வணக்கம் வைத்தார்.

எழுதிவைக்கிறேன்: தெரிகிறது. உருவம் தெரிகிறது, அசைவு தெரிகிறது, சிவப்பின் ஓரம் தெரிகிறது.

இறங்கும்போது வரப்பு என்று கால் வைத்த இடம் வரப்பில்லை. முழங்கால்வரை சேறு. எத்திராஜ் ஒன்றும் சொல்லாமல் என் செருப்பைக் கழுவிக்கொண்டு வந்தான். அவன் ஏதாவது கேலி பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்டோபர் 25, வெள்ளி

வீட்டுக்காரர் கூப்பிட்டார். "சாப்ட்டியா? எத்திராஜ் பக்கத்துலயே இருக்கானா?" இரண்டாவது கேள்வியைத் தினமும் கேட்கிறார்.

கடைக்கு முப்பத்தெட்டு மீன் முடித்தாகிவிட்டது. பல நிறம் கலந்த ரகங்களாகவே எடுத்தேன். வெள்ளை பார்க்க வேண்டிய மீன் ஒன்று பாக்கி. நாளைக்கு ஹோஷினா பண்ணை.

இன்றைக்கு ஒரு யுக்தி யோசித்தேன். இந்த வருடம் எல்லாமே மங்கல் என்றால், அந்த மங்கலை மனதுக்குள் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டியதுதானே. எது எல்லாவற்றிலும் பளிச்சென்று இருக்கிறதோ அதுதான் வெள்ளை. இதில் என்ன தப்பு இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனாலும் இதை எத்திராஜிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 26, சனி

முடிந்தது. பழனியப்பனுக்கு மீன் கிடைத்துவிட்டது.

ஹோஷினா எழுபது வயதுக்காரர், சிரிக்கவே மாட்டார். அவர் பண்ணையில் ஒரு பழக்கம். அன்று பிடித்ததில் விற்பனைக்கென்று பொறுக்கிய பத்து மீன்களைப் பத்துத் தொட்டியில் விட்டு எண் போடுவார். வந்திருக்கிறவர்கள் சுற்றி வந்து பார்க்க அரை மணி நேரம். பிறகு எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லுவார், வேண்டுமென்கிறவர்கள் கை தூக்க வேண்டும். ஒரு கை என்றால் மீன் அவருக்கு. ஒன்றுக்கு மேல் என்றால், கோடீஸ்வரராகவே இருந்தாலும் சரி, எல்லாரும் நடுவில் வந்து நின்று கல், காகிதம், கத்தரிக்கோல் என்று கையால் காட்டும் பிள்ளை விளையாட்டு ஆட வேண்டும். விலையை ஏற்றிக் கேட்கிற பேச்சே கிடையாது. மூன்று வருடம் நான் நல்ல மீன்களை இப்படித் தோற்றிருக்கிறேன்.

இன்று என்னைத் தவிர ஒன்பது பேர். அதில் கிள்ளானிலிருந்து வரும் சுப்ராவும் உண்டு. மலேசியத் தமிழர், கொளத்தூரில் பாதிக் கடைகளுக்கு இவர்தான் சரக்கு அனுப்புகிறார். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் மீன் தெரிந்தவர்.

நான்காம் தொட்டிக்கு ஐந்து பேர் கை தூக்கினார்கள். எனக்கு ஆச்சரியம். உடம்பு சுமார், வெள்ளையும் மற்றதைவிட ஒன்றும் ஒசத்தியாகத் தெரியவில்லை. சுப்ரா ஜெயித்துவிட்டுக் குதித்தார். பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் தொட்டி. இருபத்தாறு அங்குலம், பெண். சிவப்பு அப்படி ஒரு அழுத்தம், ஓரம் கத்தியால் வெட்டியதுபோல. வெள்ளை இருக்கிறதிலேயே பளிச்சென்று இருந்தது. பத்து நிமிடம் அங்கேயே நின்றேன். ஹோஷினா "ஏழு" என்றதும் கையைத் தூக்கினேன். இன்றைக்கு யாரோடு போட்டி போடப்போகிறோம் என்று சுற்றிப் பார்த்தேன்.

வேறு ஒருத்தரும் தூக்கவில்லை.

ஹோஷினா என்னையே பார்த்தார். டகுச்சி மூலம், "ஏழாம் எண்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுபடியும் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதினோரு வருடமாக வருகிறேன், எண் சொல்லத் தெரியாதா எனக்கு.

சுப்ரா பக்கத்தில் வந்து, "என்னாக்கா, நெசமாவா?" என்றார்.

"ஏன், உங்களுக்கு வேணும்னா கை தூக்கியிருக்கணும்" என்றேன்.

"இல்லக்கா, சும்மா கேட்டேன்லா" என்று நகர்ந்துவிட்டார்.

அதிர்ஷ்டம்தான். ஒன்பது பேரின் கண்ணுக்குத் தப்பிய மீன் எனக்குக் கிடைத்திருக்கிறது. சந்தோஷமாக இருக்க வேண்டிய நாள். எத்திராஜ் மத்தியானம் சாப்பிடவில்லை, வண்டியில் ஒத்துக்கொள்ளவில்லை என்றான்.

அக்டோபர் 27, ஞாயிறு

 வரிசையாக எழுதிவிடுகிறேன்.

போட்டோ வேண்டாம் என்று பழனியப்பன் சொல்லியிருந்தாலும், ஆசையில் நானே ஏழாம் தொட்டி மீனின் வீடியோவை அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்.

"மரகதம்மா, அருமையான ஒடம்புங்க" என்றார்.  

"வெள்ளை மட்டும் கொஞ்சம் மஞ்சத் தட்டுதுங்களோ? தலைப்பக்கம்?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே, "இல்லீங்க, போன்ல அப்படித்தான் தெரியும். நீங்க நேர்ல பாத்துருக்கீங்க. நீங்க சொன்னாச் சரி" என்றார்.

போனை வைத்த பிறகு அந்த வீடியோவைப் பத்துத் தடவை பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது வெள்ளை. பிறகு படுக்கை விரிப்பைப் பார்த்தேன். எத்திராஜ் அறைக்குப் போய்க் கதவைத் தட்டி, அவன் கட்டிலைக் காட்டி, "இது என்ன கலரு?" என்று கேட்டேன்.

அவன் என்னைப் பார்த்தான். 

"வெள்ளை, அண்ணி."

"நல்ல வெள்ளையா?"

"நல்ல வெள்ளை. புதுசு."

எனக்கு அது பழைய பேப்பர் நிறம். வந்த நாளாக இந்த விடுதியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

"அப்போ ஏழாம் நம்பரு?"

"மஞ்ச அண்ணி. எனக்கே தெரிஞ்சுது. வெண்ணெயைப் பூசின மாதிரி இருந்துச்சு."

"தெரிஞ்சிட்டே ஏன்டா வாய மூடிக்கிட்டு நின்னே?"

"நான் என்னன்னு சொல்றது? அத்தினி பேர் நடுவுல, மீனப் பத்தி, நானு, உங்களுக்கு?"

எட்டாவது படித்த அந்தப் பையன் முகம் அப்படியே வந்துவிட்டது. அவன் அழவில்லை, நான்தான் அழுதேன்.

கண்புரை என்று செப்டம்பரிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். இரண்டு கண்ணிலும் நன்றாக முற்றிப் பழுப்பேறிவிட்டது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். சீசன் முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீசன் ஒரு சாக்கு. என் அண்ணனுக்கு இதே ஆபரேஷன் செய்து, கிருமி தொற்றி, ஒரு கண் போய்விட்டது. பள்ளிக்கூட வாத்தியார், பேப்பர் திருத்த முடியாமல் வேலையை விட்டு நின்றார். நூற்றில் ஒருவருக்குக்கூட அப்படி ஆகாது என்கிறார்கள். அந்த ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருக்கிறாரே. மீன் பார்க்கிற கண் போனால் நான் யார்? தண்ணீர் மாற்றுகிறவள். பயம்தான், வேறொன்றுமில்லை. இவ்வளவு நாள் இந்த நோட்டிடம்கூடப் பொய் சொல்லியிருக்கிறேன்.

டாக்டர் சீட்டை மீன் தீனி டிரம்முக்குள் ஒளித்துவைத்தேன். தினமும் தீனி போடுகிறவர் என் வீட்டுக்காரர் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டாராம். "கேட்டா அவ ஒடஞ்சிபோயிடுவா, நீ கூடப் போய்க் கையப் புடிச்சிக்கோ" என்று இவனை அனுப்பியிருக்கிறார். வேவு பார்க்க வந்தவன் என்று ஒரு வாரமாக இவனைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன்.

எத்திராஜ் கடைசியில் ஒரு வழி சொன்னான். "பழனியப்பன் சார் ஒத்துக்கிட்டாரு இல்ல. குடுத்துடலாம் அண்ணி. வெளிய யாருக்கும் தெரியப்போறதில்ல."

அதுதான் பயமாக இருக்கிறது. அவர் ஒத்துக்கொள்வார். தன் கண்ணால் மஞ்சள் என்று பார்த்தும், நான் சொன்னேன் என்பதற்காக வெள்ளை என்று நம்பிக்கொண்டு, தினமும் காபியோடு அதன் எதிரில் உட்காருவார்.

அக்டோபர் 28, திங்கள்

காலை ஏழு மணிக்கே டகுச்சியை அழைத்துக்கொண்டு ஹோஷினா பண்ணைக்குப் போய்விட்டோம். அவருடைய இரண்டாம் குளத்தில் பிடித்த மீன்களை இன்று தொட்டியில் விடுவதாக இருந்தது.

முதலில் ஹோஷினாவிடம் சொன்னேன். என் கண்ணில் புரை, சனிக்கிழமை எனக்கு நிறம் தெரியவில்லை, மறைத்ததற்கு மன்னிக்க வேண்டும்.  டகுச்சி அதை அவருக்கு மெதுவாகச் சொன்னார். ஹோஷினா கேட்டுவிட்டு ஏதோ நீளமாகப் பேசினார். டகுச்சி அதை மொழிபெயர்க்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நீங்கள் ஏழாம் எண்ணுக்குக் கை தூக்கியதும், தன் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று உங்களுக்குத் தெரிகிறது என்று நினைத்தாராம். எல்லாரும் போன பிறகு ஒரு மணி நேரம் அந்தத் தொட்டி பக்கத்திலேயே நின்று அது என்னவென்று தேடினாராம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வேண்டுமானால் ஏழாம் எண்ணை விட்டுவிடலாம் என்றார் ஹோஷினா. நான் விடவில்லை. கை தூக்கினால் தூக்கியதுதான். அது எங்கள் கடை முகப்பில் இருக்கட்டும். யார் கேட்டாலும் மஞ்சள் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்பது மணிக்கு மற்றவர்களும் வந்துவிட்டார்கள். எட்டுத் தொட்டி. உடம்பும் சிவப்பும் நான் பார்ப்பது, வெள்ளையை எத்திராஜ் சொல்வது என்று பேசிக்கொண்டோம். காதோடு காதாகச் சொல்லச் சொன்னேன். காற்று மோட்டார்கள் போடுகிற இரைச்சலில் ஒரு எழவும் கேட்கவில்லை.

"என்ன?"

"கொஞ்சம் மஞ்ச அண்ணி."

"கேக்கலடா."

"மஞ்சன்னு சொன்னேன்" என்று கத்தினான்.

கொட்டகையிலேயே தமிழ் தெரிந்த மூன்றாவது ஆள் நான்கடி தள்ளி நின்றிருந்தார். சுப்ரா திரும்பி எங்களைப் பார்த்தார். இந்தச் செய்தி நான் ஊர் போய்ச் சேருவதற்குள் கொளத்தூர் போய்விடும்.  போகட்டும் என்று நானும் கத்த ஆரம்பித்தேன்.

"மஞ்சன்னா எப்படி மஞ்ச? ஒழுங்கா சொல்லு."

"ரெண்டாவது, மோர்க்கொழம்பு."

"மூணாவது?"

"சாதம் வடிச்ச கஞ்சி. பரவால்ல."

"நாலு?"

"கேன் தண்ணில பால் ஊத்துன மாதிரி. நீலம் ஓடுது அண்ணி, ஆனா வெள்ளையே கெட்டியா இல்ல."

"அஞ்சு?"

அவன் குனிந்து பார்த்தான். சுற்றிப்போய் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தான். முப்பது வருடமாக மோட்டாரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன்.

"சுண்ணாம்பு அண்ணி. அடிச்சு, காஞ்சு, மேல வெயில் பட்ட சுண்ணாம்பு. தலையும் அதே. வாலு வரைக்கும் அதே."

"எங்கியாவது மஞ்ச?"

"துளி இல்ல."

உடம்பை நான் பார்த்தேன். ஏழாம் எண் அளவுக்குப் பெரிதில்லை, இருபத்து நான்கு அங்குலம். சிவப்பு மூன்று திட்டு, கழுத்தில் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கலாம். ஆனால் எலும்பு நல்ல எலும்பு, வளருகிற மீன். வெள்ளை எனக்கு மற்ற ஏழு மீன் மாதிரியேதான் தெரிந்தது. எவ்வளவு முறைத்துப் பார்த்தாலும் அப்படியேதான். அந்த நேரம் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதத் தெரியவில்லை.

ஹோஷினா "ஐந்து" என்றார். கையைத் தூக்கிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு எத்திராஜைக் கேட்டேன். "எத்தன பேருடா?"

"உங்களையும் சேத்து நாலு. சுப்ராவும் தூக்கியிருக்காரு."

எனக்கு உயிர் வந்தது. இரக்கப்பட்டுக் கையை இறக்கிக்கொள்வாரோ என்று பயந்திருந்தேன். நடுவில் போய் நின்றோம். முதல் சுற்றில் இரண்டு ஜப்பான்காரர்கள் வெளியே. மிச்சம் நானும் சுப்ராவும். நான் காகிதம், அவர் கல். காகிதம் கல்லை மூடிவிடும், மீன் எனக்கு. அவர் தன் கைமுட்டியை என் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து காட்டினார்.

"கல்லுக்கா, நல்லா பாத்துக்கோங்க. அப்பறம் நான் விட்டுக்குடுத்துட்டேன்னு சொல்லக் கூடாது. அஞ்சாம் நம்பர் வெள்ளைதான்லா. உங்க தம்பி சரியா சொல்றாரு."

"கொழுந்தன்" என்றேன். 

பண்ணை வாசலில் நின்றே பழனியப்பனுக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாம் எண் மஞ்சள்தான், நீங்கள் பார்த்ததுதான் சரி. இப்போது வேறொன்று எடுத்திருக்கிறேன். உடம்புக்கு நான் உத்தரவாதம். வெள்ளை என் கொழுந்தன் பார்த்தது. சுத்தமான வெள்ளை என்கிறான், இங்கே இருக்கிறவர்களும் சொல்கிறார்கள்.

"நீங்க என்னங்க சொல்றீங்க?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியலீங்க" என்றேன். இந்தத் தொழிலுக்கு வந்து அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

 குளத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் போல, காக்கை கத்துவது கேட்டது.

"அந்த மீனு இப்ப வேண்டாமுங்க" என்றார்.

 "சரிங்க" என்றேன்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. நீங்க பாக்காத மீனை நான் வாங்க மாட்டனுங்க. நீங்க போய்க் கண்ணை வைத்தியம் பண்ணுங்க. அப்பறம் பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க. அது வரைக்கும் குளம் சும்மாவே கெடக்கட்டும்."

அக்டோபர் 29, செவ்வாய். டோக்கியோ விமான நிலையம்

ஐந்தாம் எண்ணும் ஏழாம் எண்ணும் ஹோஷினாவிடமே இருக்கின்றன. ஆரோக்கியச் சான்றும் அனுமதியும் வர ஒன்றரை மாதம் ஆகும். எத்திராஜை ஆஸ்பத்திரிக்குப் போன் போடச் சொன்னேன். அடுத்த புதன்கிழமை வலது கண்ணுக்கு இடம் இருக்கிறதாம். "போட்டுடவா அண்ணி?" என்று இரண்டு முறை கேட்டான். போடு என்றேன்.

பாஸ்போர்ட்டை அவனிடமே விட்டுவைத்திருக்கிறேன்.

நவம்பர் 6, புதன். காலை

சொட்டு மருந்து விட்டுவிட்டார்கள். எழுத்து பெரிது பெரிதாகப் போகிறது, கோடு தாண்டியிருந்தால் இருக்கட்டும். எனக்கு முன்னால் நான்கு பேர். வீட்டுக்காரர் வலப்பக்கம், எத்திராஜ் இடப்பக்கம். 

அண்ணன் காலையில் போன் செய்தார். "மரகதம், எனக்கு ஆச்சுன்னா ஒனக்கும் ஆவும்னு இல்ல" என்றார். இவ்வளவு வருடத்தில் அவர் அந்தக் கண்ணைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. பயமாகத்தான் இருக்கிறது. மறைக்கப் போவதில்லை, ரொம்பப் பயமாக இருக்கிறது.

சற்று முன் எத்திராஜ் போனில் டகுச்சியிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. ஹோஷினா எடுத்து அனுப்பியதாம். ஐந்தாம் எண் மீன், காலை வெயிலில், நீலத் தொட்டியில். எத்திராஜ் என் முகத்துக்கு நேராக நீட்டினான்.

வேண்டாம், இப்போது காட்டாதே என்றேன். அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். உள்ளே என் பெயரைக் கூப்பிடுகிறார்கள்.